பக்கோடா நமத்துப்போகிறதா, பஜ்ஜி எண்ணெய் குடிக்கிறதா: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பக்கோடா செய்முறை தெரியாதவர் யார்? வெங்காயம், கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த் தூள், உப்பு, காய்ந்த எண்ணெய், அவ்வளவுதான் சங்கதி. ஆனாலும் போன வாரம் கரகரவென்று வந்த அதே அளவு இந்த வாரம் சொதசொதவென்று வந்து நிற்கும், யாரிடம் புலம்பினாலும் “சோடா போட்டாயா?” என்று ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நானும் பல வருடம் அந்தப் பேச்சைக் கேட்டுச் சோடாவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

கோளாறு கோளாறாகப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். வாணலியில் மாவைப் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அது எண்ணெய் கொதிக்கிற குமிழி என்று பலர் நினைக்கிறார்கள். மாவிலும் காயிலும் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியே ஓடுவதுதான் அந்தச் சத்தம். எண்ணெய் அப்போது 170, 180 டிகிரியில் இருக்கும். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயால் உள்ளே புக முடியாது. மேல் தோலில் தண்ணீர் வற்றிவிட்டால் மொறுமொறு, வற்றாமல் நின்றால் சொதசொத. கீழே எதைப் படித்தாலும் இந்தத் தண்ணீரை மறக்காதீர்கள், முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எடுத்தவுடன் மொறுமொறு, தட்டு கூடத்துக்கு வருவதற்குள் நமத்துப்போகிறது

எல்லாரும் சொல்லும் குறை இது. முதலில், எப்போது எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். நிறம் வந்துவிட்டது என்று எடுப்பவர்கள்தான் அதிகம், ஆனால் மிளகாய்த் தூளும் மஞ்சள் தூளும் கலந்த மாவில் நிறம் ஏமாற்றும், பாதி வெந்தபோதே பொன்னிறம் மாதிரிதான் தெரியும். காதை நம்புங்கள். போட்ட முதல் நிமிடம் பெரிய பெரிய குமிழி, இரைச்சல் பலமாக இருக்கும். போகப் போகக் குமிழி கடுகளவு சிறுத்து, இரைச்சல் தணிந்து, கடைசியில் எண்ணெய் ஏறக்குறைய அமைதியாகிவிடும். அந்த நேரம் ஜல்லிக்கரண்டியால் பக்கோடாவை லேசாக அள்ளிக் குலுக்கினால் கரண்டியில் பட்டுக் கலகலவென்று காய்ந்த சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் பொத் பொத்தென்று விழுந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு நிமிடம் விடுங்கள்.

இரண்டாவது, எடுத்து எங்கே போடுகிறீர்கள். ஆழமான கிண்ணத்தில் டிஷ்யூ காகிதம் விரித்து அதில் ஈடு ஈடாகக் கொட்டிக் குவித்தால், மேலே இருப்பதன் ஆவி கீழே இருப்பதை நனைக்கும், கீழே இருப்பதன் ஆவி மேலே இருப்பதை நனைக்கும், கடைசியில் எல்லாம் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அகலமான சல்லடையையோ கம்பித் தட்டையோ எடுத்துக்கொண்டு, அடியில் காற்று போகிற மாதிரி வைத்து, ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காகிதம் வேண்டுமென்றால் முதல் அரை நிமிடம் மட்டும். சூடாக இருக்கட்டுமே என்று ஹாட்பாக்ஸில் போட்டு மூடுபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அதற்குப் பேசாமல் கொழுக்கட்டை செய்துவிடலாம்.

மூன்றாவதாகத்தான் மாவு. கடலை மாவு மட்டும் போட்டால் தோல் மெத்தென்று வரும், அதில் புரதம் அதிகம். அரிசி மாவு ஸ்டார்ச், அதுதான் விறைப்பாகக் காய்ந்து நொறுங்குகிற தோலைத் தரும். பக்கோடாவுக்கு 3 பங்கு கடலை மாவுக்கு 1 பங்கு அரிசி மாவு, பஜ்ஜிக்கு 4 பங்குக்கு 1 பங்கு, இதில் ஆரம்பியுங்கள். கூடவே வாணலியில் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயில் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து மாவில் ஊற்றி, சொய்ங் என்ற சத்தம் அடங்கியதும் கலந்துவிடுங்கள். சோடா செய்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிற பாதி வேலையை இந்த ஒரு கரண்டி எண்ணெய் செய்துவிடும், தோல் கடினமாகாமல் பொரபொரவென்று வரும்.

ஆனால் பஜ்ஜியிடம் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். பஜ்ஜிக்குள் ஒரு முழுக் காய்த்துண்டு இருக்கிறது, அது வெந்த பிறகும் ஆவி விட்டுக்கொண்டேதான் இருக்கும். கத்தரிக்காய் பஜ்ஜி அரைமணி நேரம் மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்பது ஆசை, அவ்வளவுதான். பஜ்ஜி சுடச்சுடத் தின்ன வேண்டிய பண்டம், அதுவும் போடுகிறவர் கடைசியில் தின்னும்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பண்டம்.

எண்ணெய் குடிக்கிறது, கையில் எடுத்தால் விரல் பளபளக்கிறது

எண்ணெய் காயவில்லை, அல்லது காய்ந்தது ஆறிவிட்டது. ஒரு சொட்டு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போய் உட்கார்ந்து யோசித்து யோசித்து மேலே வந்தால் சூடு பற்றாது. போட்டவுடன் மேலே கிளம்பி, சுற்றிலும் குமிழி விட்டு, மெதுவாக நிறம் மாறினால் சரியான பதம். விழுந்த வேகத்தில் சிவந்தால் சூடு அதிகம், அடுப்பைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள்.

சரி, சோதித்துத்தான் போட்டேன், அப்படியும் குடிக்கிறது என்றால், எத்தனை போட்டீர்கள்? ஒரு தடவை வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது, ஏழெட்டுப் பேர் கூடத்தில் காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் இரண்டு ஈடு மாவை ஒரே ஈடாக வாணலியில் கிள்ளிப் போட்டேன். சடசட சத்தம் சட்டென்று செத்துவிட்டது. எண்ணெய் தெரியாத அளவுக்கு பக்கோடா, பக்கோடா தெரியாத அளவுக்கு நுரை. அடுப்பைக் கூட்டினேன், ஆனால் எண்ணெய் மறுபடி சூடேறுவதற்குள் மாவு தன் பங்கைக் குடித்து முடித்துவிட்டது. அத்தை எட்டிப் பார்த்து, “கொஞ்சம் கொஞ்சமாப் போடும்மா, அவங்க எங்கேயும் ஓடிட மாட்டாங்க” என்றார். அன்றிலிருந்து எண்ணெயின் மேற்பரப்பில் பாதி எப்போதும் காலியாகத் தெரிகிற மாதிரிதான் போடுகிறேன். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் சும்மா விட்டு எண்ணெயை மறுபடி காயவிடுவதும் இதிலேயே சேர்த்தி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பலகாரத்துக்குள் போகிற எண்ணெயில் பெரும்பங்கு வாணலியில் இருக்கும்போது போவதில்லை, வெளியே எடுத்த பிறகுதான் போகிறது. வெளியே வந்து ஆறத் தொடங்கியதும் உள்ளே இருந்த ஆவி சுருங்கும், அந்த இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிற எண்ணெய் இழுக்கப்பட்டுவிடும். அதனால் எடுக்கும் நேரம்தான் முக்கியம். எடுப்பதற்குப் பத்து நொடி முன்னால் அடுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஜல்லிக்கரண்டியில் அள்ளி வாணலிக்கு மேலேயே பிடித்து நான்கைந்து தடவை நன்றாகக் குலுக்குங்கள், அப்புறம் சல்லடைக்கு மாற்றுங்கள். தீயைக் குறைத்துவிட்டு நிதானமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதுதான் ஆகக் கெட்ட பழக்கம், எனக்கும் இருந்தது.

மாவு நீர்க்க இருந்தாலும் எண்ணெய் குடிக்கும், சோடா கூடினாலும் குடிக்கும். சோடா மாவுக்குள் ஓட்டை ஓட்டையாகப் பண்ணும், அந்த ஓட்டையெல்லாம் எண்ணெய்க்குத்தான் வீடு. 1 கப் மாவுக்கு கால் டீஸ்பூனில் பாதி போதும், அதுவும் பஜ்ஜிக்கு மட்டும். வெங்காய பக்கோடாவுக்கு நான் போடுவதே இல்லை.

பிசையும்போது கெட்டி, இரண்டாவது ஈடு போடுவதற்குள் மாவு ஓடுகிறது

வெங்காயத்தின் வேலை. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு ஏறக்குறைய தண்ணீர்தான். உப்பு பட்டதும் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பிக்கும், ஆனால் உடனே வந்துவிடாது, அதுதான் சிக்கல். முதலில் பார்க்கும்போது மாவு ஒட்டாமல் உதிர்வதால் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம், பத்து நிமிடம் கழித்து வெங்காயமும் தன் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. நாம் ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது, மாவைக் கொட்டுகிறோம், மாவு கூடியதும் உப்பு பற்றாமல் போகிறது, உப்பைப் போடுகிறோம், மறுபடி தண்ணீர். கடைசியில் பக்கோடாவில் வெங்காயத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். பெரிய வெங்காயம் 3, நீளவாக்கில், மிக மெல்லியதாகவும் வேண்டாம் தடியாகவும் வேண்டாம், 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, இதழ் இதழாக விரலால் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் கத்தையாக விட்டால் நடுவில் ஈரம் அடைபட்டு அங்கே மட்டும் வேகாது. முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் கையால் அழுத்திப் பிசறுங்கள், கசக்கிப் பிழிய வேண்டாம், ஈரத் துணியைக் கையில் உருட்டுகிற மாதிரியான அழுத்தம் போதும். பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, சோம்பு எல்லாம் இப்போதே சேர்த்து 10 நிமிடம் மூடி வையுங்கள். திறந்து பார்த்தால் வெங்காயம் துவண்டு, பாத்திரத்தைச் சாய்த்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் உங்கள் மாவுக்கு உரிய தண்ணீர். அதைக் கொட்டாமல், முக்கால் கப் கடலை மாவு, கால் கப் அரிசி மாவு, மிளகாய்த் தூள் கலந்ததை மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் பிசறுங்கள். மாவு வெங்காயத்தைப் போர்த்தியிருக்க வேண்டும், மூழ்கடித்திருக்கக் கூடாது. கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சேர்ந்து நிற்கும், விரலை விரித்தால் பாதி உதிரும், அதுதான் பதம். இதற்குப் பிறகும் உதிர்ந்துகொண்டே இருந்தால் கையை நனைத்துத் தெளியுங்கள், டம்ளரைத் தொடாதீர்கள்.

மாவைச் சேர்த்த பிறகு காத்திருக்கவும் கூடாது. எண்ணெய் காய்ந்த பிறகு மாவைத் தூவுங்கள், எண்ணெயைக் காய வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நிறையச் செய்வதாக இருந்தால் வெங்காயத்தை இரண்டு பாத்திரமாகப் பிரித்து, இரண்டாவதற்கு முதலாவது பாதி முடிந்த பிறகு உப்பு போடலாம். முட்டைக்கோஸுக்கும் இதே முறைதான். கீரை என்றால் வேறு: கழுவிய தண்ணீர்தான் அங்கே எதிரி, துணியில் பரப்பி அரைமணி நேரமாவது உலர்த்திவிட்டுத்தான் நறுக்க வேண்டும், முன்கூட்டியே உப்பும் வேண்டாம்.

கிள்ளிப் போடும்போது உருட்டிப் பிடித்துப் போடாதீர்கள். விரலிடுக்கில் உதிர்த்து, பரவலாக, ஒன்றோடொன்று அரைகுறையாக ஒட்டிக்கொள்கிற மாதிரி தூவினால் ஓரமெல்லாம் நூல் நூலாகக் காய்ந்து வரும். டீக்கடைக் கண்ணாடி அலமாரியில் பார்க்கிற பக்கோடா அழகாக இருப்பது அந்த நூல்களால்தான். மெது பக்கோடா வேண்டும் என்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டியதில்லை, அது உருட்டித்தான் போட வேண்டும், அதன் நியாயம் வேறு.

வெளியே கருகிவிட்டது, பிட்டுப் பார்த்தால் நடுவில் மாவு

தீ அதிகம் அல்லது உருண்டை பெரிது, பெரும்பாலும் இரண்டும். பெரும் தீயில் காய வைத்து, போட்டவுடன் நடுத்தரத்துக்குக் குறையுங்கள், எடுக்கும்போது மறுபடி கூட்டுங்கள். முழுக்க முழுக்கக் குறைந்த தீயில் விட்டால் எண்ணெய் குடிக்கிற கோளாறுக்குப் போய்விடுவோம்.

உருளைக்கிழங்கு பஜ்ஜி மட்டும் கருகுகிறது, அதே மாவில் வாழைக்காய் நன்றாக வருகிறது என்றால் கிழங்கை எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். பிரிட்ஜில் பல நாள் கிடந்த கிழங்கில் ஸ்டார்ச் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிவிடும், அந்தச் சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் கருத்துவிடும். வெளியே கூடையில் வைத்த கிழங்கை வாங்கி, சீவியதும் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு, ஈரம் ஒற்றி எடுத்துப் போடுங்கள். துண்டின் கனம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கிழங்கு வேகாது. காலிஃபிளவர் தடியான காய், அதைக் கொதிக்கும் உப்புத் தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக வடிய வைத்து, ஆறிய பிறகுதான் மாவில் தோய்க்க வேண்டும்.

கடித்தால் மாவு தனியாக, காய் தனியாக வருகிறது

பஜ்ஜிக்கே உரிய கோளாறு. வாழைக்காயை வாயில் வைத்து இழுத்தால் காய் மட்டும் வழுக்கி வந்துவிடும், கையில் வெறும் மாவுக் கூடு நிற்கும். காயின் மேல் ஈரம் இருந்தது, அந்த ஈரம் ஆவியாகி மாவுக்கும் காய்க்கும் நடுவில் இடைவெளி உண்டாக்கிவிட்டது, வேறு ஒன்றுமில்லை. வாழைக்காய் கறுத்துவிடுமே என்று தண்ணீரில் போட்டு வைக்கிறோம், அது சரிதான், ஆனால் எடுத்து அப்படியே மாவில் முக்குவதுதான் தவறு. துணியில் ஒற்றி, ஒரு தட்டில் காய்ந்த அரிசி மாவைத் தூவி இரண்டு பக்கமும் லேசாகப் புரட்டி, ஒட்டாததைத் தட்டிவிட்டு, அப்புறம் தோய்த்துப் பாருங்கள். தோல் பிடித்துக்கொள்ளும்.

மாவு நீர்த்திருந்தாலும் காயின் மேல் நிற்காமல் வழியும். கரைத்த மாவில் ஒரு துண்டை முக்கித் தூக்கினால் காயின் நிறம் தெரியக் கூடாது, சொட்டு இரண்டு மூன்று விழுந்து நின்றுவிட வேண்டும். தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 1 கப் மாவுக்கு முக்கால் கப் தண்ணீரை ஒட்டி வரும், ஆனால் மில்லில் அரைத்த கரகரப்பான மாவும் பாக்கெட்டில் வரும் நைஸ் மாவும் ஒரே அளவு தண்ணீர் கேட்காது, ஆகவே கடைசி இரண்டு கரண்டியைப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

பஜ்ஜி உப்பவில்லை, தட்டையாக, ரப்பர் மாதிரி

மாவைச் சலிக்கவில்லை, அடிக்கவில்லை. முதலில் தண்ணீர் குறைவாக ஊற்றிக் கெட்டியாகக் கட்டி இல்லாமல் அடித்து, அப்புறம் நீர்க்கச் செய்து, கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் ஒரே பக்கமாக அடித்துக் காற்றை ஏற்றுங்கள். 10 நிமிடம் ஊறவிடுங்கள், கடலை மாவு தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். சோடா போடுவதாக இருந்தால் ஊறிய பிறகு, எண்ணெய் காய்ந்த பிறகு, கடைசியில். முதலிலேயே போட்டால் அதன் வேகம் பாத்திரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். என் கையில் இருக்கும் மாற்று வழி, புளித்த இட்லி மாவு ஒரு கரண்டி. சோடாவும் வேண்டாம், லேசான புளிப்பும் வரும்.

எண்ணெயில் போட்டதும் பஜ்ஜியின் மேல் பக்கத்தில் கரண்டியால் சூடான எண்ணெயை இரண்டு தடவை அள்ளித் தெளித்தால் மேல் தோல் சட்டென்று இறுகி, உள்ளே ஆவி அடைபட்டு, பலூன் மாதிரி எழும்பும். பூரிக்குச் செய்கிற அதே வேலைதான்.

கல் மாதிரி, பல் உடையும்

அரிசி மாவு கூடிவிட்டது. மொறுமொறு வேண்டும் என்று பாதிக்குப் பாதி போடுபவர்கள் இருக்கிறார்கள், சூட்டோடு சாப்பிடும்போது நன்றாக இருக்கும், ஆறியதும் சீடைதான். அல்லது மாவை ரொம்பக் கெட்டியாகப் பிசைந்து இறுக்கிவிட்டீர்கள். அல்லது மறந்துபோய் வாணலியிலேயே விட்டுவிட்டீர்கள். மாவில் ஒரு கரண்டி சூடான எண்ணெய், கூடக் கொஞ்சம் கடலை மாவு, பிசையாமல் பிசறுவது, போதும்.

நிறம் சரியில்லை

மாவு கரைக்கும்போதே குங்குமம் கலந்தது போலச் செங்கல் நிறமாக மாறினால், சோடா கூடிவிட்டது. மஞ்சள் தூளுக்குச் சோடாவைக் கண்டால் சிவக்கிற குணம் உண்டு, ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாகிறதே, அதே சங்கதி. ஒருவகையில் நல்லதுதான், வாயில் வைப்பதற்கு முன்னாலேயே எச்சரித்துவிடுகிறது. அந்த மாவைப் பொரித்தால் சீக்கிரம் கருக்கும், சோப்பு மாதிரி ஒரு கசப்பும் வரும். அதே அளவு மாவு புதிதாகக் கலந்து இதோடு சேர்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. கொட்டிவிடவும் மனம் வராது, அதனால் அன்றைக்கு பஜ்ஜி கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட வேண்டியிருக்கும்.

வெளிறிப்போய் வந்தால் எண்ணெய் சூடு குறைவு. கருஞ்சிவப்பாக வந்தால் மிளகாய்த் தூள் அதிகம், காரத்துக்குப் பச்சை மிளகாயையும் நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த் தூளையும் போடலாம்.

பச்சை மாவு வாசனை அடிக்கிறது

வேகவில்லை, அல்லது மாவு பழசு. கடலை மாவை விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள், கசந்தாலோ காறினாலோ அந்த மாவை எதற்கும் பயன்படுத்தாதீர்கள், பெருங்காயமும் ஓமமும் அதைக் காப்பாற்றாது. நல்ல மாவுதான் என்றால் வெறும் வாணலியில் குறைந்த தீயில் 2 நிமிடம், நிறம் மாறாமல், வாசனை எழும்பும் வரை வறுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் பொங்குகிறது, தெறிக்கிறது, வெடிக்கிறது

பொங்கி நுரைத்தால் பழைய எண்ணெயாக இருக்கும், அல்லது முந்தைய ஈட்டில் உதிர்ந்த துணுக்குகள் அடியில் கருகிக் கிடக்கும். ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் வடிகட்டியால் ஒரு சுற்று அள்ளிவிடுங்கள், அடுத்த ஈட்டில் கறுப்புப் புள்ளி ஒட்டாது. செக்கு எண்ணெயும் நுரைக்கும், சீக்கிரம் புகையும். வாசனைக்கு அதுதான் வேண்டும் என்பவர்கள் தீயைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சக் கூடாது என்று பாட்டிமார் சொல்வதை இப்போது சட்டமும் சொல்கிறது: எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சேருகிற போலார் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் விதித்தது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி கிடையாது, மூக்கும் கண்ணும்தான். கறுத்து, பிசுபிசுத்து, காய வைத்தவுடனே புகைந்தால் விடைகொடுங்கள். ஒரு தடவை பொரித்ததை வடிகட்டி வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவது என் வழக்கம்.

வெடிப்பது மிளகாய் பஜ்ஜியின் குணம். முழு மிளகாய்க்குள் காற்றும் ஈரமும் அடைபட்டிருக்கும், எண்ணெயில் அது விரிந்து, போக வழியில்லாமல் கிழித்துக்கொண்டு வரும். மெரினாவில் போடுகிற மாதிரி நீளமான பஜ்ஜி மிளகாய் வாங்கி, காம்பை விட்டுவிட்டு நடுவில் நீளமாக ஒரு கீறல் போட்டு, விதையை எடுத்து, உள்ளே இருக்கும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். விருப்பமிருந்தால் அந்தக் கீறலில் புளியும் உப்பும் ஓமமும் அரைத்துத் தடவலாம், மெல்லிசாக மட்டும். காம்பைப் பிடித்துத் தோய்த்து, உங்கள் பக்கம் தெறிக்காதபடி, எண்ணெயில் வெளிப்பக்கமாகப் படுக்க வைத்து விடுங்கள், மேலேயிருந்து எறியாதீர்கள். ஒருவேளை எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து வாணலியைத் தட்டால் மூடுங்கள். தண்ணீரை மட்டும் எடுக்கவே கூடாது, வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது.

மீந்துபோனது நமத்துவிட்டது

பக்கோடா என்றால் காப்பாற்றலாம். எண்ணெயை நன்றாகக் காய வைத்து அரை நிமிடம் மட்டும் போட்டு எடுங்கள், அல்லது ஏர் பிரையரில் 180 டிகிரியில் 3, 4 நிமிடம். கனமான தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் பரப்பி, மூடாமல், புரட்டிப் புரட்டிச் சூடாக்கினாலும் ஓரளவு மீளும். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீரை அது தோலுக்குத் துரத்திவிடும், சூடான ரப்பர்தான் கிடைக்கும்.

பஜ்ஜியைப் பொறுத்தவரை நான் முயற்சி செய்வதை விட்டுவிட்டேன். கத்தரிக்காய், வெங்காயம் என்று எது மீந்தாலும் மறுநாள் காலை மோர்க்குழம்பு கொதித்து இறக்கும்போது பக்கோடாவோடு சேர்த்துப் போட்டு மூடிவிடுவேன். பத்து நிமிடத்தில் மோரை இழுத்துக்கொண்டு பஞ்சு மாதிரி ஊறியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்காகவே இரண்டு கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள்.